வெயில் காலத்துக்கு ஏற்ற பூ வாசனை சென்ட், ஆயிரம் ரூபாய்க்குள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதுமே சென்ட் பற்றிய கேள்விகளும் வர ஆரம்பித்துவிடும். லேசாக இருக்க வேண்டும், பூ வாசனையாக இருக்க வேண்டும், ஆயிரத்தைத் தாண்டக் கூடாது. பெரும்பாலும் கேட்பது இதுதான். கல்லூரிப் பெண்கள், வேலைக்குப் போகிறவர்கள், இத்தனை வருடம் பவுடரோடு நிறுத்திக்கொண்டு இப்போதுதான் சென்ட் வாங்க நினைக்கும் அம்மாக்கள் என்று பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஆயிரம் ரூபாய்க்குள் உருப்படியான சென்ட் உண்மையிலேயே கிடைக்குமா?

கிடைக்கும். அதிலும் நீங்கள் தேடுவது லேசான பூ வாசனை என்றால் தாராளமாகக் கிடைக்கும். இதற்குக் காரணம் இருக்கிறது. அகில், நல்ல சந்தனம், ஐரிஸ் கிழங்கு போன்றவற்றின் மணம் மூலப்பொருளிலேயே விலை அதிகம். அவற்றை மலிவாகச் செய்யப் போனால் குட்டு உடனே வெளிப்பட்டுவிடும். மூக்கில் குத்தும், இல்லையென்றால் வார்னிஷ் மாதிரி நிற்கும். மல்லி, ரோஜா, எலுமிச்சை, ஆரஞ்சுப்பூ போன்ற லேசான வாசனைகளுக்குத் தேவையான பொருள்கள் பெரும்பாலும் ஆய்வகத்தில் செய்யப்படுபவை. அவை டன் கணக்கில் தயாராகின்றன, விலையும் குறைவு. அதனால் குறைந்த விலையில் நன்றாகச் செய்யக்கூடிய வகை எது என்று கேட்டால், நான் முதலில் சொல்வது இந்த லேசான பூ வாசனையைத்தான். வெயில் காலத்துக்குப் பொருந்துவதும் அதுவே என்பது நமக்கு நல்லதாகப் போயிற்று.

விலைக் கணக்கையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். சாதாரண ஸ்ப்ரே மூடி ஒரு அழுத்தலுக்குக் கிட்டத்தட்ட 0.1 மில்லி வெளியே தள்ளும். 50 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய 500 அழுத்தல். 500 ரூபாய் கொடுத்திருந்தால் ஒரு அழுத்தல் ஒரு ரூபாய். தினமும் நாலு முறை அடித்தாலும் நாலு மாதம் வரும்.

டியோ, பாடி மிஸ்ட், ஈ.டி.டி., ஈ.டி.பி. என்று போட்டிருக்கிறார்கள். எதை வாங்குவது?

இவற்றுக்குள் முக்கிய வித்தியாசம், ஆல்கஹாலில் எவ்வளவு வாசனை எண்ணெய் கலந்திருக்கிறது என்பது. பாடி மிஸ்டில் பொதுவாக 1 முதல் 3 சதவீதம்தான் இருக்கும். கொலோனில் 2 முதல் 5. ஓ டி டாய்லெட் என்னும் ஈ.டி.டி.யில் 5 முதல் 15. ஓ டி பர்ஃபம் என்னும் ஈ.டி.பி.யில் 15 முதல் 20. இந்த அளவுகளைச் சட்டம் எதுவும் கறாராக வரையறுக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் ஈ.டி.டி. இன்னொன்றின் ஈ.டி.பி.யை விட நேரம் தாங்குவதும் உண்டு.

200 மில்லி மிஸ்ட் 400 ரூபாய், 50 மில்லி ஈ.டி.பி. 600 ரூபாய் என்று பார்க்கும்போது மிஸ்ட்தான் லாபம் என்று தோன்றும். ஆனால் மிஸ்டை ஒவ்வொரு முறையும் கை நிறைய அடிக்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் மறுபடியும் அடிக்க வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்புவேன் என்பவர்களுக்கு ஈ.டி.டி. அல்லது லேசான ஈ.டி.பி. வாங்குவதுதான் சரி. குளித்துவிட்டு வீட்டிலேயே இருக்கும்போது, தூங்கப் போகும் முன் அடித்துக்கொள்ள மிஸ்ட் நன்றாக இருக்கும்.

டியோ வேறு கதை. அது அக்குளுக்கான பொருள். கேஸ் அடைத்த டின்களில் கணிசமான பங்கு உந்தும் வாயுதான், அதற்கும் சேர்த்தே காசு கொடுக்கிறோம்.

கொலோன் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. காய்ச்சல் வந்தால் துணியை நனைத்து நெற்றியில் போட்ட யூடிகோலன் நினைவிருக்கிறதா? ஜெர்மனியின் கொலோன் நகரில் ஃபரீனா என்பவர் 1709-இல் தொடங்கிய நிறுவனத்தோடு பிரபலமான வகை அது. எலுமிச்சை, ஆரஞ்சு, ஆரஞ்சுப்பூ வாசனைதான் அதன் உயிர். மே மாத மத்தியானத்தில் அதைப் போலக் குளுமையாக இருப்பது குறைவு. ஆனால் சீக்கிரம் பறந்துவிடும்.

வெயிலுக்கு எந்தப் பூ வாசனை பொருந்தும்?

சூடு கூடினால் வாசனை வேகமாக ஆவியாகும். காற்றில் ஈரம் இருந்தால் அதே வாசனை கனமாகத் தோன்றும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரியான கடலோர ஊர்களில், ஜனவரியில் இதமாக இருந்த சென்ட் மே மாதத்தில் திகட்டிப்போவது இதனால்தான். திருச்சி, வேலூர் போன்ற வறண்ட வெயிலில் பிரச்சினை வேறு. அங்கே திகட்டாது, காணாமல் போய்விடும்.

எலுமிச்சை, பெர்கமோட், ஆரஞ்சு போன்றவற்றோடு தொடங்கி, நடுவில் லேசான மல்லியோ ரோஜாவோ வந்து, கடைசியில் மெல்லிய மஸ்க், அதாவது கஸ்தூரி மாதிரியான வாசனை, தங்கும் கலவையைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஆரஞ்சுப்பூ, அதாவது நெரோலி, வெயிலுக்கென்றே பிறந்தது. கசப்பு ஆரஞ்சு மரத்தின் வெள்ளைப் பூவிலிருந்து எடுப்பது அது; மல்லியின் சாயலும் இருக்கும், எலுமிச்சைத் தோலின் சுறுசுறுப்பும் இருக்கும். கிரீன் டீ, தாமரை, வெள்ளரி என்று போட்டிருப்பவை நீர்மையான பச்சை வாசனைகள். அவையும் நல்லவையே.

ரோஜாவில் கவனம் தேவை. விலை குறைந்த ரோஜா சென்ட்களில் பல குளியல் சோப்பு வாசனையில் போய் நிற்கும். பெட்டியில் ரோஜாவோடு லிச்சியோ எலுமிச்சையோ சேர்த்துப் போட்டிருந்தால் வெயிலுக்குத் தேறும். ரோஜாவும் வெனிலாவும் என்று இருந்தால் மார்கழிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பங்கி அழகான வாசனை, ஆனால் மதியத்துக்கு உரியதல்ல. மாலைக்கு மேல் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போவதாக இருந்தால் சரி. காலை எட்டு மணி பஸ்ஸில் சம்பங்கி சென்ட் அடித்துக்கொண்டு நின்றால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தலை சுற்றும்.

மல்லிகை சென்ட் என்று வாங்கினால் நிஜ மல்லி மாதிரி மணப்பதே இல்லையே, ஏன்?

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. தமிழ்நாட்டுப் பெண்களைத் தவிர இதை இவ்வளவு உரிமையாக யாரும் கேட்க முடியாது. தினமும் தலையில் நிஜத்தை வைத்துக்கொண்டு வளர்ந்த மூக்கு அது, சுலபத்தில் ஏமாறாது.

முதலில், மல்லி பறித்த பிறகும் உயிரோடு இருக்கும் பூ. விடியற்காலையில் மொட்டாகப் பறிக்கிறார்கள். சாயங்காலம் வரை மொட்டில் வாசனை அதிகம் இருக்காது. இருட்டும் நேரத்தில் விரியும்போதுதான் மணத்தை உற்பத்தி செய்து வெளியே விடுகிறது. தலையில் வைக்கிறவர்களுக்கு இறுக்கமான மொட்டு வேண்டும். சென்ட் தொழிற்சாலைக்கோ மலர்ந்த பூ வேண்டும். அதனால் அங்கே வாங்கிய மொட்டுகளைப் பரப்பி வைத்து, இரவில் விரியும்வரை காத்திருந்து, மணம் உச்சத்தில் இருக்கும்போது எந்திரத்தில் போடுகிறார்கள்.

மல்லியை ரோஜா போல ஆவியில் வடித்தால் சரிவராது. சூட்டில் அதன் மணம் கெட்டுவிடும். ஹெக்சேன் என்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து, பிறகு கரைப்பானை ஆவியாக்கிவிட்டால் மெழுகு மாதிரி ஒரு பொருள் மிஞ்சும். அதற்கு கான்கிரீட் என்று பெயர். அதை ஆல்கஹாலில் அலசி மெழுகை நீக்கினால் கிடைப்பது அப்சல்யூட். ஒரு கிலோ அப்சல்யூட்டுக்கு ஏறத்தாழ ஒரு டன் பூ போகும். இந்தப் பாதையில் பூவின் மிக லேசான வாசனை மூலக்கூறுகள் கொஞ்சம் தொலைந்துவிடுகின்றன. கனமானவை தங்கிவிடுகின்றன. அதனால் அப்சல்யூட்டை நேராக முகர்ந்தால், சாயங்காலம் சூடிய மல்லியை விட மறுநாள் காலையில் தலையணையில் கிடக்கும் மல்லிக்குத்தான் அது நெருக்கமாக இருக்கும்.

இன்னொரு காரணம் இண்டோல். இது நிஜ மல்லியிலேயே உள்ள பொருள். தனியாக எடுத்து முகர்ந்தால் பாச்சை உருண்டை நெடி அடிக்கும். ஆனால் துளி அளவில் இருந்தால்தான் மல்லிக்கு அந்த மயக்கும் ஆழம் வருகிறது. விலை குறைந்த சென்ட்களில் இண்டோலை அநேகமாக நீக்கியோ வெகுவாகக் குறைத்தோ விடுகிறார்கள், "சுத்தமான" வாசனையாக இருக்கட்டும் என்று. அதனால் நம் மூக்குக்கு அது மல்லியாகத் தெரிவதில்லை, மல்லி வாசனை போட்ட ஷாம்பூவாகத் தெரிகிறது.

ஆனால் வெயிலில் இந்தக் குறையே நல்லதாகிவிடுகிறது. இண்டோல் அதிகமுள்ள மல்லி சென்ட்டை மே மாதப் புழுக்கத்தில் அடித்துப் பாருங்கள், பத்து நிமிடத்தில் வாடிய பூச்சரம் மாதிரி ஆகிவிடும். கோடைக்கு வேண்டியது அந்த லேசான, வெளிச்சமான மல்லிதான்.

சொல்லிவிட வேண்டிய சேதி இன்னும் ஒன்று. மதுரை, திண்டுக்கல், சத்தியமங்கலம், கோவை வட்டாரத்து மல்லியும் பிச்சியும் உலகத்தின் மிகப் பெரிய சென்ட் நிறுவனங்களுக்குப் போகின்றன. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மார்கழி, தை மாதங்களில் பனியால் விளைச்சல் குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும் அதே பூ, கோடையில் கொட்டிக் கிடக்கும், விலை இறங்கும். சந்தையில் மிஞ்சும் பூவை சென்ட் தொழிற்சாலைகள் எடுத்துக்கொள்வது அப்போதுதான். மல்லிக்கு உண்மையான பருவம் நாம் வியர்த்து வழியும் இந்தக் கோடைதான்.

அப்படியானால் ஆயிரம் ரூபாய் சென்ட்டில் இருப்பது செயற்கை மல்லியா? அது கெடுதலா?

பெரும்பாலும் செயற்கைதான், சில சமயம் துளி இயற்கையும் சேர்த்திருப்பார்கள். ஆனால் "செயற்கை" என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். பென்சைல் அசிட்டேட், லினலூல் போன்றவை மல்லியிலேயே இருப்பவை. அதே மூலக்கூறை ஆய்வகத்தில் செய்கிறார்கள். ஹெடியோன் என்று ஒன்று உண்டு, ஸ்விட்சர்லாந்தின் ஃபிர்மெனிச் நிறுவனம் கொடுத்தது. மல்லியின் காற்றோட்டமான பக்கத்தை மட்டும் பிரித்து எடுத்தது போல இருக்கும். 1966-இல் வந்த டியோரின் ஓ சவாஜ் என்ற ஆண்கள் சென்ட்டில் பயன்பட்டுப் புகழ்பெற்றது. இன்று விலை உயர்ந்ததிலும் இருக்கிறது, முந்நூறு ரூபாய் பாட்டிலிலும் இருக்கிறது. லில்லி ஆஃப் த வேலி என்ற பூவிலிருந்து மணத்தை எடுப்பது மிகக் கடினம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அந்த வாசனை அநேகமாக ஆய்வகத்தில் செய்ததுதான்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை இயற்கை, செயற்கை என்ற பிரிவு உதவாது. இயற்கை எண்ணெய்களும் பலருக்கு ஒவ்வாமை தரும். செயற்கையிலும் தவிர்க்க வேண்டியவை உண்டு. லிலியல் என்ற பூ வாசனைப் பொருளை இனப்பெருக்க நலனுக்குக் கேடு தரலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச்சில் அழகுப் பொருள்களில் தடை செய்தது. பெட்டியில் அது பியூட்டைல்ஃபீனைல் மெத்தில்புரோப்பியோனல் என்ற நீளப் பெயரில் இருக்கும். தள்ளுபடியில் கிடைக்கும் பழைய சரக்கை எடுக்கும்போது அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தலையில் பூ வைக்கும் நாளில் சென்ட் அடிக்கலாமா?

மல்லி வைக்கிற நாளில் மல்லி சென்ட் வேண்டாம். நிஜம் பக்கத்தில் இருக்கும்போது பாட்டில் தோற்றுவிடும். எலுமிச்சையும் கிரீன் டீயும் போன்ற ஒன்றை இடுப்புக்குக் கீழே, புடவை உள்பாவாடையில் ஒரு முறை அடித்தால் போதும். இரண்டும் மோதாது. மரிக்கொழுந்து, தவனம் வைக்கும் நாளில் சென்ட்டே தேவையில்லை என்பது என் கருத்து.

எனக்கு வியர்வை அதிகம். சென்ட் அடித்தால் இன்னும் மோசமாகிறது.

சென்ட் வியர்வை நாற்றத்தை மறைக்காது, அதோடு கலக்கும். வியர்வைக்குத் தனியாகப் பெரிய நாற்றம் கிடையாது. அக்குளில் இருக்கும் பாக்டீரியா அதை உடைக்கும்போதுதான் நாற்றம் வருகிறது. எனவே வரிசை முக்கியம்: குளியல், நன்றாகத் துடைத்து உலர்த்துதல், அக்குளுக்கு வாசனை இல்லாத அல்லது மிக லேசான வாசனையுள்ள ஆன்டிபெர்ஸ்பிரன்ட், அப்புறம்தான் சென்ட். ஆன்டிபெர்ஸ்பிரன்டில் உள்ள அலுமினிய உப்பு வியர்வையையே குறைக்கும். முந்தின நாள் இரவே தடவினால் இன்னும் நன்றாக வேலை செய்யும்.

சென்ட்டை அக்குளில் அடிக்கவே வேண்டாம். எரியும், கறுத்தும் போகலாம். பூ வாசனை டியோ, ரோஜா பவுடர், மல்லி சென்ட், தேங்காய் எண்ணெய் எல்லாம் ஒரே நேரத்தில் போட்டால் எதுவும் துலங்காது. ஒன்று மட்டும் பேசட்டும், மற்றதெல்லாம் வாசனையற்றதாக இருக்கட்டும்.

கடையில் எப்படிச் சோதித்துப் பார்ப்பது? எல்லாமே அங்கே நன்றாகத்தான் இருக்கிறது.

அங்கே நன்றாக இருப்பதற்குக் காரணம் ஏசி, அப்புறம் முதல் ஐந்து நிமிடம். சென்ட்டின் மேல்பகுதி வாசனை, அதாவது எலுமிச்சை, ஆரஞ்சு வகையறா, கால் மணி நேரத்தில் போய்விடும். குறைந்த விலைச் சென்ட்களில் இந்தத் தொடக்கத்தைத்தான் மிக அழகாகச் செய்திருப்பார்கள். உண்மையில் நாம் நாள் முழுக்க வாழப்போவது அதற்கப்புறம் வருவதோடுதான்.

காலையில் சென்ட் எதுவும் போடாமல் கடைக்குப் போங்கள். அட்டையில் அடித்து முகர்வது பிடிக்காதவற்றைக் கழிக்க மட்டும். மிஞ்சிய இரண்டை, இரண்டு முன்னங்கைகளிலும் முழங்கையின் உள்பக்கம் ஒவ்வொரு முறை அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். பில் போட வேண்டாம். வெயிலில் நடங்கள், பஸ் பிடியுங்கள், காய்கறி வாங்குங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை முகர்ந்து பாருங்கள். புளிப்பு நெடி, பிளாஸ்டிக் நெடி, பழைய பவுடர் டப்பா நெடி, இவற்றில் எது வந்தாலும் அதை விட்டுவிடுங்கள். லேசான பூவும் துவைத்த துணியும் கலந்த மாதிரி ஏதாவது மிஞ்சியிருந்தால் அது உங்களுக்கானது, அடுத்த நாள் போய் வாங்கலாம்.

விற்பனைப் பெண் அடுத்தடுத்து ஆறேழு நீட்டினால் மறுத்துவிடுங்கள். மூன்று, நாலுக்கு மேல் மூக்கு தளர்ந்துவிடும். காப்பிக்கொட்டையை முகர்ந்தால் தெளியும் என்பார்கள். வெளியே போய் நல்ல காற்றை இழுப்பதே போதுமானது.

எங்கே, எத்தனை தடவை அடிக்க வேண்டும்?

அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் இரண்டு முதல் நாலு. கழுத்தின் பின்பக்கம் முடிக்குக் கீழே, முழங்கையின் உள்பக்கம், முழங்காலுக்குப் பின்னால். கீழே அடிக்கும் வாசனை சூட்டில் மெல்ல மேலே வரும், அதனால் கோடையில் கழுத்தை விடக் கால் பக்கம் நல்லது. மணிக்கட்டில் அடித்தால் தேய்க்க வேண்டாம். தேய்த்தால் சூடாகி மேல்பகுதி வாசனை சீக்கிரம் பறக்கும்.

பருத்தித் துணியில் அடிப்பதும் நல்ல வழி, துணியில் நேரம் தாங்கும். பட்டில் மட்டும் வேண்டாம். கறை நிற்கும், சரிகை கறுக்கும். கவரிங் நகை, முத்து ஆகியவற்றை சென்ட் காய்ந்த பிறகே போட வேண்டும். அடித்த கையோடு அடுப்பு, விளக்குப் பக்கம் போகாதீர்கள், ஆல்கஹால் சட்டென்று பற்றும்.

ஒரு மணி நேரத்தில் வாசனை போய்விடுகிறதே?

போய்விட்டதா, உங்களுக்குத் தெரியவில்லையா என்று முதலில் பாருங்கள். ஒரே வாசனையை மூக்கு சீக்கிரம் பழகிக்கொள்ளும். பிறகு நமக்கு மட்டும் தெரியாது. வீட்டிலோ அலுவலகத்திலோ நம்பிக்கையான ஒருவரைக் கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்தால் மறுபடி அடிக்காதீர்கள்.

உண்மையிலேயே போய்விடுகிறது என்றால் தோல் வறண்டிருக்கலாம். குளித்ததும் வாசனையில்லாத மாய்சரைசரோ, அடிக்கப்போகும் இடத்தில் மட்டும் கடுகளவு வாசலினோ தடவி அதன்மேல் அடியுங்கள், வித்தியாசம் தெரியும். மற்றபடி லேசான பூ வாசனை மூன்று, நாலு மணி நேரம் நின்றாலே நல்ல சென்ட்தான். எட்டு மணி நேரம் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்க வேண்டாம். பத்து மில்லி சின்ன ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு மதியம் ஒரு முறை அடித்துக்கொள்வது சுலபம்.

பெயர் சொல்லுங்களேன், எதை வாங்குவது?

உங்கள் தோலைப் பார்க்காமல் ஒன்றை மட்டும் கைகாட்ட எனக்கு மனம் வராது. தேடத் தொடங்கும் இடங்களைச் சொல்கிறேன். டைட்டனின் ஸ்கின் வரிசையில் சின்ன 20 மில்லி பாட்டில்கள் வருகின்றன, முதன்முதலாக ஈ.டி.பி. வாங்குகிறவர்களுக்கு அந்த அளவு சரியாக இருக்கும். ஐ.டி.சி.யின் எங்கேஜில் பாக்கெட் அளவு சென்ட்கள் உண்டு, கல்லூரிப் பெண்களின் கைக்காசுக்குள் வரும். யார்ட்லி 1770 முதல் இருக்கும் ஆங்கிலேயப் பெயர். பூ வாசனைதான் அவர்களுடைய பழக்கமான பாதை. லாவெண்டரும் ரோஜாவும் பழைய பாணி, அமைதியானவை, அம்மாக்களுக்குப் பிடிக்கும்.

பட்ஜெட்டைக் கொஞ்சம் தாண்ட முடிந்தால், அல்லது தள்ளுபடி வரும்போது, எலிசபெத் ஆர்டனின் கிரீன் டீ. ஃப்ரான்சிஸ் குர்க்ஜான் செய்து 1999-இல் வந்தது. எலுமிச்சை, புதினா, டீ, நடுவில் மெல்லிய மல்லி. பிற்காலத்தில் மிக விலை உயர்ந்த சென்ட்களால் உலகப் புகழ் பெற்றவர் அவர், இந்தச் சாதாரண விலைச் சென்ட்டிலும் அதே கைப்பக்குவம் தெரிகிறது. நேரம் தாங்காது, அதுதான் இதன் குறை. அதே நிறுவனத்தின் 1993-ஆம் ஆண்டு சன்ஃபிளவர்ஸ் பழமும் பூவும் கலந்தது, இன்னும் கொஞ்சம் இனிப்பு.

ஆல்கஹால் இல்லாமல் வேண்டும். அத்தர் வாங்கலாமா?

வாங்கலாம். திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசல் பக்கமும் நாகூர் தர்கா கடைவீதியிலும் சின்னச் சின்னப் பாட்டிலில் கிடைக்கும். எண்ணெய் என்பதால் தோலோடு ஒட்டி நிற்கும், தூரம் பரவாது, நேரம் தாங்கும். கோடைக்கு மல்லி, பன்னீர் ரோஜா, வெட்டிவேர் கேளுங்கள். வெட்டிவேர் பூ அல்ல, ஆனால் வெயிலுக்கு அதை மிஞ்ச ஆளில்லை.

உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் பழைய முறையில் வடிக்கும் அத்தரில் பூவின் மணம் சந்தன எண்ணெயில் இறங்கும். சந்தன எண்ணெயின் விலைக்கு அது 150 ரூபாய்க்குக் கிடைக்க வழியில்லை. எனவே மலிவு அத்தரில் அடிப்படை எண்ணெய் வேறு. அதில் தவறில்லை, "சுத்தமான சந்தனத்தில் செய்தது" என்று சொல்லி விற்றால்தான் தவறு. துணியில் தடவும் முன் ஓரத்தில் சோதியுங்கள், எண்ணெய்க் கறை போவது கஷ்டம்.

சென்ட் அடித்த இடத்தில் கழுத்து கறுத்திருக்கிறது.

பெர்கமோட் போன்ற சில எலுமிச்சை வகை எண்ணெய்கள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் அந்த இடம் சிவந்து, பிறகு கறுக்கலாம். இப்போது பல நிறுவனங்கள் அந்தப் பண்புக்குக் காரணமான பொருளை நீக்கிய எண்ணெயைப் பயன்படுத்துகின்றன, எல்லாரும் அப்படி என்று சொல்ல முடியாது. வெயில் படும் இடங்களில் அடிப்பதை நிறுத்துங்கள். துணியில் மட்டும் அடியுங்கள். அரிப்பு, தடிப்பு இருந்தால் அந்தச் சென்ட்டையே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். புதியது எதையும் முழங்கை உள்பக்கம் ஒரு துளி வைத்து ஒரு நாள் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

வீட்டில் மாமியாருக்கு சென்ட் என்றாலே தலைவலி.

ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் வாசனை தூண்டுதலாக அமையலாம். கிளம்பும் கடைசி நிமிடத்தில் மொட்டை மாடியிலோ வாசலிலோ நின்று அடித்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சில மாதங்கள் பிடித்த வாசனையே ஆகாமல் போகும், அப்போது யாரும் வற்புறுத்த வேண்டாம்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பெட்டியில் இருக்கும் பேட்ச் எண்ணும் பாட்டிலின் அடியில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் நாட்டில் செய்ததென்றால் உற்பத்தியாளர் முகவரி, உரிம எண், எம்.ஆர்.பி., காலாவதி நாள் இருக்கும். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் பதிவு எண்ணும் ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லாமல் "துபாயிலிருந்து நேரா வந்தது" என்று தருவதை வாங்காதீர்கள். "ஃபர்ஸ்ட் காப்பி" என்றால் போலி என்றே அர்த்தம். பிரபல சென்ட்டின் சாயலில் சொந்தப் பெயரில் விற்பவை வேறு வகை. அவை போலி அல்ல, சிலது நன்றாகவே இருக்கின்றன.

தோழிக்குப் பரிசாகக் கொடுக்கலாமா?

அவர் என்ன போடுகிறார் என்று தெரியாவிட்டால் 20 மில்லிக்கு மேல் வாங்க வேண்டாம். வெவ்வேறு வாசனையில் சின்னப் பாட்டில்கள் இரண்டு, மூன்று அடங்கிய பெட்டி கொடுத்தால் அவரே தேர்ந்தெடுத்துக்கொள்வார்.

எங்கே வைப்பது? எவ்வளவு நாள் வரும்?

குளியலறையிலும் ஜன்னல் ஓரத்திலும் வைக்காதீர்கள், வெயிலில் நிற்கும் காரில் கண்டிப்பாக வேண்டாம். சூடு, வெளிச்சம், காற்று மூன்றும் சென்ட்டுக்கு ஆகாது. பீரோவுக்குள் அதன் பெட்டியிலேயே, மேல் தளத்து வீடென்றால் சூடு தங்காத கீழ்த் தட்டில் வைத்தால் இரண்டு, மூன்று வருடம் தாராளமாக வரும். எலுமிச்சை வகைதான் முதலில் கெடும். நிறம் அடர்ந்து, அடித்தவுடன் புளித்த நெடியோ பெயின்ட் நெடியோ வந்தால் தோலில் போடுவதை நிறுத்திவிடுங்கள். பெரிய பாட்டிலில் தள்ளுபடி எவ்வளவு இருந்தாலும் கோடைச் சென்ட்டை 50 மில்லிக்குள்ளேயே வாங்குங்கள், அந்த சீசனிலேயே தீர்ந்துவிடும்.